கயாக் ஏறிய நரியார்

உப்பாற்றங்கரை அலையாத்திக் காட்டில் மாசிலாமணி என்று ஒரு நரியார் இருந்தார். நரிக்குப் போய் 'ஆர்' போட வேண்டுமா என்று கேட்காதீர்கள். வெறும் 'நரி' என்று கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவருக்குச் செண்பகம் என்று ஒரு மனைவி. துறுதுறுவென்று ஒரு குட்டிக் கூட்டம். குடும்பம் பெரிது, சம்பாத்தியம் சிறிது.

அந்த ஆற்றில் மீன் பிடிப்பதெல்லாம் நீர்நாய்கள்தான். பிடித்த மீனின் நடுச்சதையைத் தின்றுவிட்டு, தலையையும் வாலையும் கரையில் போட்டுவிட்டுப் போய்விடும். அவை போன பிறகு நரியார் மெதுவாக வருவார். இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார். தலையையும் வாலையும் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

யாராவது பார்த்துவிட்டால்?

"கரையை இப்படி அசிங்கமா வச்சிருந்தா எப்படி? நாலு பேர் நடக்கிற இடம்! யாராவது ஒருத்தர் சுத்தம் பண்ணணுமில்ல?" என்பார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள்!

ஒருநாள் அவர் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டார். நீர்நாய்கள் இன்னும் கரையிலேயே இருந்தன. அதில் ஒரு குட்டி அவரைப் பார்த்ததும் குதித்தது.

"அம்மா, அம்மா! மிச்சம் மாமா வந்துட்டாரு!"

தாய் நீர்நாய் அஞ்சலை குட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது. வாங்கண்ணே, இங்க ஒரு நல்ல தலை கிடக்கு" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நரியார் அதைப் பார்த்துவிட்டார்.

மிச்சம் மாமா! அந்தப் பேர் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டது. அன்றைக்குக் கொண்டுவந்த தலையை அவரால் தின்ன முடியவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

"செண்பகம்! இனிமே இந்த வீட்டுக்கு மிச்சம் மீதி வராது. நானே மீன் பிடிப்பேன். இந்தக் காடே பார்க்க, முழு மீனா, என் கையால கொண்டுவருவேன்!" என்றார்.

"பிடிச்ச மீனா, கிடந்த மீனான்னு பிள்ளைங்க வயிறு கேக்கவா போகுது?" என்றாள் செண்பகம்.

"வயிறு கேக்காது. ஊர் கேக்கும்!"

"ஊரா நமக்குச் சோறு போடுது?" என்று கேட்டுவிட்டு அவள் குட்டிகளுக்கு அந்தத் தலையைப் பிய்த்துப் போட்டாள்.

நரியாருக்கு நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அந்த வாரமே ஒரு புயல் அடித்தது. எங்கேயோ மேலே, டவுன்காரர்கள் ஆற்றில் உல்லாசமாகப் போய் மீன் பிடிக்க வைத்திருந்த ஒரு படகு கட்டவிழ்ந்து வந்து கண்டல் மரத்தின் வேரில் சொருகிக்கொண்டது. ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காருகிற சின்னப் படகு. கயாக் என்பார்கள். பூசணிப்பழ நிறம். இரண்டு முனையிலும் அகப்பை வைத்த மாதிரி ஒரு துடுப்பு அதில் மாட்டியிருந்தது. பின்னால் ஒரு தூண்டில் கம்பு. டம்ளர் வைக்கக்கூட ஒரு குழி!

படகின் மூக்கில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றது. அவன் பெயர் நீலமேகம். ஆள் அட்டைக்கரி, பெயர் நீலமேகம். முக்குளித்து மீன் பிடிக்க நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் நனைவதற்கு ஒரே சோம்பல்.

நரியாரைப் பார்த்ததும் அவன் சிறகை மடக்கிக்கொண்டு கும்பிட்டான்.

"ஐயா! வாங்க வாங்க! இந்த வண்டி யாருக்காக வந்திருக்குன்னு யோசிச்சிட்டே இருந்தேன். இப்பத்தான் புரிஞ்சுது!"

"எனக்காகவா?"

"பின்னே, நண்டுக்காகவா? இதுல உக்கார ஒரு ராசா களை வேணும்யா. அது உங்க முகத்துலதான் இருக்கு!"

நரியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உனக்கும் பார்க்கத் தெரியுதே!" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. பிடிக்கிற மீன்ல ஏதோ ஒரு ஓரம் கொடுத்தீங்கன்னா போதும்!"

மறுநாள் காலை நரியார் கிளம்பினார். காலையில் நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று மனிதர்கள் சொல்வதை அவர் கேட்டிருக்கிறார். ஆகவே கண்ணைத் திறந்ததும் நேராக ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டார். பிறகு படகை வேரிலிருந்து பிடுங்கி, ஏறி உட்கார்ந்து, நீலமேகம் படகின் மூக்கில் தொற்றிக்கொண்டதும் துடுப்பைக் கையில் எடுத்தார். நரிக்குக் கை ஏது என்று கேட்கிறவர்கள் தாராளமாக வேறு கதை கேட்கப் போகலாம்.

படகு நகரத் தொடங்கியதும் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே! போறீங்களா, இழுக்குதா?"

அஞ்சலைதான். நரியாருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எங்கே போறே, எதுக்குப் போறேன்னு கேக்கலாமா? போற காரியம் விளங்குமா?"

"இல்லண்ணே, இது எங்க வழக்கம். தண்ணியில இருக்கிற யாரைப் பார்த்தாலும் கேக்கணும். இழுக்குதுன்னு சொன்னா கயிறு போடுவோம். போறேன்னு சொன்னா விட்டுடுவோம்."

அந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பெல்லாம் நீர்நாய்கள் கேட்காமலேதான் கயிறு போடும். மீனவர்கள் விட்டுப்போன நைலான் கயிறு, ஒரு முனை மரத்தில், ஒரு முனை தண்ணீரில். ஒருநாள் ஓர் ஆமை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐயோ பாவம், அடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்து அதைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டன. ஆமை மல்லாந்து கிடந்தபடியே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தது. "நான் போனேன்டி! என்னை எதுவும் இழுக்கலை! உங்களை யாரு கூப்பிட்டது?" அன்றிலிருந்து கேட்காமல் யாரையும் இழுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டன.

நரியார் நெஞ்சை நிமிர்த்தினார். "மாசிலாமணியை இழுக்கிற தண்ணி இன்னும் மழையா பெய்யல! போறேன்! நான்தான் போறேன்!"

"சரிண்ணே, பார்த்துப் போங்க. தண்ணி இப்ப ஏறுது. வெயில் உச்சிக்கு வந்ததும் அப்படியே நிக்கும். நிக்கும்போதே திரும்பி வந்துடுங்க. அப்புறம் இறங்க ஆரம்பிச்சுடும்."

"ஏறுறதும் இறங்குறதும் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்தக் கரையில இருக்கேன்!"

அது உண்மைதான். அவர் பிறந்ததிலிருந்து கரையில்தான் இருந்தார். கடல் பொங்கும்போது ஆற்றுக்குள் தண்ணீர் ஏறும், கடல் வாங்கும்போது இறங்கும். கரையில் நிற்கிறவருக்கு அவ்வளவுதான் தெரியும். ஏறுகிற தண்ணீர் எதிரே இருப்பதையெல்லாம் மேல்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், இறங்குகிற தண்ணீர் கடல்பக்கம் கூட்டிக்கொண்டு போகும் என்பது தண்ணீருக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். நரியார் இதுவரை தண்ணீருக்குள் போனதில்லை.

அவர் போக நினைத்தது எதிர்க்கரைக்கு. அங்கேதான் மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. துடுப்பை வலப்பக்கம் ஒரு போடு, இடப்பக்கம் ஒரு போடு போட்டார். படகு எதிர்க்கரைக்குப் போகவில்லை. மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போயிற்று.

"ஐயா, மடவை அந்தப் பக்கமில்ல இருக்கு?" என்றான் நீலமேகம்.

"மடவையெல்லாம் ஒரு மீனா? எனக்குக் கொடுவாதான் வேணும். மேலே வளைவுல இருக்கும். அங்கதான் போறேன்" என்றார் நரியார். அந்த நிமிடம்தான் அவருக்கே அது தெரிந்தது.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கரை நெடுக நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்தன. கொக்குகள் கழுத்தை நீட்டின. ஆறு கடலுக்குப் போகும், அது எல்லோருக்கும் தெரியும். இவர் என்னடாவென்றால் ஆற்றை எதிர்த்து மேலே போகிறார்! துடுப்பைச் சும்மா தொடுகிறார், படகு பறக்கிறது!

"அடேயப்பா! என்ன பலம்! என்ன பலம்!" என்றது ஒரு கொக்கு.

"தொட்டாலே இப்படின்னா, நிசமா தள்ளினா எப்படி இருக்கும்!" என்றது ஒரு நண்டு.

நரியார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட, இவ்வளவு பலமா இந்தக் கையில்! இத்தனை நாளும் இந்தக் கையை வைத்துக்கொண்டா மீன் தலை பொறுக்கினோம் என்று நினைத்து வருத்தப்பட்டார். தண்ணீர் தள்ளுகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதபடி பார்த்துக்கொள்ள நீலமேகம் இருந்தான்.

ஆற்று வளைவில் படகு ஒரு சுழிப்பில் மாட்டி நின்றது. "இங்கேதான் நிறுத்தணும்னு நினைச்சேன்" என்றார் நரியார். டம்ளர் குழியில் போட்டு வைத்திருந்த இறாலை எடுத்துத் தூண்டிலில் குத்திப் போட்டார்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெட்டு! தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. நரியார் கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். அடுத்த நிமிடம் படகு கிளம்பியது. மீன் முன்னால், படகு பின்னால்!

"ஐயா! மீன் நம்மளை இழுக்குது!" என்று அலறினான் நீலமேகம்.

"இழுக்கலை! நான் அதை விரட்டுறேன்!"

மீன் இடப்பக்கம் போனால் நரியார் "இடப்பக்கம்!" என்று உத்தரவு போட்டார். வலப்பக்கம் போனால் "வலப்பக்கம்!" என்றார். மீன் அவர் சொன்னபடி கேட்டது என்று வைத்துக்கொள்ளலாம், அவர் கொஞ்சம் பிந்திச் சொன்னார் என்பதைத் தவிர. நரி இடம் போனால் என்ன வலம் போனால் என்ன என்று பழமொழியே இருக்கிறது!

கடைசியில் மீன் அவரை ஒரு கண்டல் புதருக்குள் இழுத்துக்கொண்டு போய், தானே வேருக்குள் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு மாட்டிக்கொண்டது. நரியார் பாய்ந்து வாயால் கவ்வினார். இழுத்துப் படகுக்குள் போட்டார்.

கொடுவா! அவர் குட்டிகளில் ஒன்றைவிடப் பெரிது. வெயிலில் செதில் பளபளவென்று மின்னியது.

நரியாருக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எப்படிப் பிடித்தால் என்ன, அவர் பிடித்த மீன்! அவர் வாழ்நாளில் முதன்முதலாகப் பிடித்த மீன்!

"ஐயா, அந்த வாலை மட்டும்..." என்று நீலமேகம் அலகை நீட்டினான்.

"தொடாதே! இது முழுசா வீட்டுக்குப் போகணும். என் பிள்ளைங்க தலை பார்த்திருக்கு, வால் பார்த்திருக்கு. நடுவுல சதை இருக்கிற மீனை அதுங்க பார்த்ததே இல்லை" என்றார். கரையை விட்டு வந்ததிலிருந்து அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீர் ஏறி முடித்து, குளம் போல அசையாமல் நின்றது. ஒரு குழந்தை துடுப்புப் போட்டால்கூட அப்போது படகு சொன்ன பக்கம் போகும். நரியார் அப்போதே கிளம்பியிருந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்திருப்பார்.

கிளம்பத்தான் துடுப்பை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"நீலமேகம், இந்த நேரத்துல நீர்நாய்ங்க என்ன பண்ணும்?"

"நல்லா தூங்கும்யா. தண்ணி இறங்க ஆரம்பிச்சதும்தான் மீன் பிடிக்கக் கரைக்கு வரும்."

"அப்ப நாமும் கொஞ்சம் இருந்துட்டுப் போவோம். இவ்வளவு பெரிய மீனை யாரும் பார்க்காம கொண்டுபோறதுக்கு, நான் என்ன திருடனா?"

அந்த மிச்சம் மாமா குட்டி பார்க்க வேண்டும். அதன் அம்மா பார்க்க வேண்டும். பார்த்து, இந்தத் தடவை உதட்டைக் கடிக்காமல் வாயைப் பிளக்க வேண்டும். அதற்காக நரியார் புதர் நிழலில் காத்திருந்தார். மீன்மேல் இலை பறித்துப் போட்டு, அடிக்கடி தண்ணீர் தெளித்து, அதன் பளபளப்புக் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் படகு தானாகவே மூக்கைத் திருப்பியது. கடலுக்குப் போகிற பக்கம், அதாவது வீட்டுப் பக்கம்.

"பார்த்தியா? போகலாம்னு நினைச்சேன், திரும்பிடுச்சு!" என்றார் நரியார்.

"நினைச்சாலே திரும்புதா! இது படகா, இல்ல உங்க பொண்டாட்டியா?" என்றான் நீலமேகம்.

"பொண்டாட்டி எங்கடா திரும்புறா!" என்று சிரித்தார் நரியார்.

படகு கிளம்பியது. முதலில் நடந்து போகிற வேகம். அப்புறம் ஓடுகிற வேகம். நரியார் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, மீனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கரையில் கொக்கும் நண்டும் ஆரவாரம் செய்தன.

"கொடுவா! கொடுவா! மாசிலாமணி அண்ணன் கொடுவா பிடிச்சுட்டாரு!"

அதோ அவர் வீட்டுத் துறை. செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு குதித்தன. பக்கத்திலேயே நீர்நாய்க் கூட்டம் முழுவதும். மிச்சம் மாமா என்று சொன்ன குட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நரியார் நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் நடக்கவில்லை. படகு நிற்கவில்லை.

"ஏங்க! துறை இங்க இருக்கு! இந்தப் பக்கம் வாங்க!" என்று கத்தினாள் செண்பகம்.

நரியார் மீனைக் கீழே போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். வலப்பக்கம் ஒரு போடு. இடப்பக்கம் ஒரு போடு. பலம் கொண்ட மட்டும் போட்டார். காலையில் தொட்டாலே பறந்த படகு, இப்போது இந்தக் கையை மதிக்கவே இல்லை. இறங்குகிற தண்ணீர் அதை நடு ஆற்றிலேயே பிடித்து வைத்துக்கொண்டு ஓடியது.

நரியார் தன் இரண்டு கையையும் பார்த்தார். காலையில் இருந்த அதே கைதான்.

"குதிச்சு நீந்தி வந்துடுங்க!" என்றாள் செண்பகம்.

குதித்தால் மீன் போய்விடும். அதுவும் இத்தனை பேர் பார்க்க, வெறுங்கையோடு, நனைந்த நரியாக!

அஞ்சலை கயிற்றோடு தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்தாள். இறங்குகிற தண்ணீரில் நீர்நாய் நீந்திப் போய்ப் பிடித்தால், நீர்நாயும் சேர்ந்து கடலுக்குத்தான் போகும். அதனால்தான் கயிறு. ஒரு முனையை மரத்தில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே! போறீங்களா, இழுக்குதா?"

எல்லாக் கண்ணும் நரியார்மேல்.

'இழுக்குது' என்று சொன்னால் போதும். கயிறு வரும். கரை வரும். குட்டிகள் மீன் தின்னும். ஆனால் நாளைக்கு இந்த ஊர் என்ன சொல்லும்? 'நீர்நாய் இழுத்துப் போட்ட நரி' என்று சொல்லும். இந்த முழு மீன்கூட மிச்சமாகிவிடும்!

"போறேன்!" என்றார் நரியார். "முகத்துவாரம் வரைக்கும் ஒரு சுற்றுப் போயிட்டு வர்றேன்! செண்பகம், பிள்ளைங்களைத் தூங்கவிடாதே! மீன் வருது!"

கூட்டம் கை தட்டியது. "வீட்டு வாசலைத் தாண்டிப் போறாரு பாரு! என்ன தைரியம்!" என்றது கொக்கு.

செண்பகம் மட்டும் கை தட்டவில்லை. அவளுக்கு அவர் முகம் தெரியும்.

அஞ்சலைக்கும் சந்தேகம்தான். கயிற்றை மரத்திலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு கரையாக ஓடினாள். தில்லை மரத் திட்டில் படகுக்குச் சமமாக வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே! தண்ணி இப்ப முழு வேகத்துல இருக்கு. போறீங்களா, இழுக்குதா?"

"ஒரு தடவை சொன்னா புரியாதா? போறேன்னு சொன்னேன்ல!" என்று கத்தினார் நரியார். கத்தியது கோபத்தில் இல்லை, பயத்தில். பயந்தவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

"ஐயாகிட்டயே கேக்கறா பாருங்க! இவங்களுக்கெல்லாம் பொறாமைங்கய்யா. நீங்க மீன் பிடிச்சா இவங்க பிழைப்பு என்ன ஆகும்?" என்றான் நீலமேகம்.

"அதானே!" என்றார் நரியார். ஆனால் குரலில் உயிர் இல்லை.

ஆறு அகலமாகிக்கொண்டே வந்தது. மரங்கள் குறைந்தன. தண்ணீர் உப்பு நாற்றம் அடித்தது. தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. முகத்துவாரத்தில் ஆறும் கடலும் முட்டிக்கொள்கிற இரைச்சல். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு மணல்திட்டு ஆற்றுக்குள் நீண்டு கிடந்தது. அஞ்சலை அதன் முனைக்கே ஓடிவந்து, அங்கே நட்டிருந்த ஒரு பழைய வலைக்கம்பில் கயிற்றைக் கட்டினாள். முட்டிவரை தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"அண்ணே, கேளுங்க! இதுக்கு மேல என் கயிறு எட்டாது. இங்க பாருங்க, ஊர் இல்லை. பிள்ளைங்க இல்லை. கொக்கு இல்லை, நண்டு இல்லை. நீங்களும் நானும்தான். ஒரு வார்த்தை சொல்லுங்க. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே துடுப்புப் போட்டு வந்தீங்கன்னு சொல்லிடறேன். என் பிள்ளை உங்களை அப்படிக் கூப்பிட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்ணே. போறீங்களா, இழுக்குதா?"

நரியார் அவளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். காலடியில் கிடந்த மீனைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார். வாயையும் திறந்தார்.

"இழு..."

நீலமேகம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். ஒன்றும் கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தான்.

"ஐயாவையா இழுக்குது?" என்று கேட்டான்.

ஊர் இல்லைதான். ஆனால் ஒரு நீர்க்காகம் இருந்ததே! இத்தனை நேரம் 'ஐயா, ஐயா' என்ற ஒரே ஆள். அவன் முன்னாலா?

"இழு... இழுத்து மூச்சு விடுறேன்" என்றார் நரியார். "கடல்காத்து நல்லா இருக்கு. போறேன் அஞ்சலை. கடலைப் பார்த்துட்டு வர்றேன்."

அஞ்சலையின் கை கயிற்றைத் தூக்கியது. வழக்கம் குறுக்கே வந்து கையைப் பிடித்தது. கேட்காதவனை இழுக்கக் கூடாதே! அவள் அப்படியே நின்றாள். படகு அவளைக் கடந்துவிட்டது.

முதல் அலை வந்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறித் தொபுக்கென்று விழுந்தது. நீலமேகம் நனைந்துவிட்டான். அவனுக்குத்தான் நனைவது பிடிக்காதே.

"ஐயா, நீங்க பார்த்துட்டு வாங்க. நான் முன்னாடி போய் ஊர்ல சொல்லிடறேன்!" என்று சிறகை விரித்தான்.

"டேய், இருடா! எங்கடா போறே?"

"நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எங்க போறேன்னு கேக்காதீங்கய்யா!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனான். முகத்துதி செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சிறகு இருக்கும்.

இப்போது படகில் நரியாரும் மீனும்தான். இரண்டாவது அலை பக்கவாட்டில் அடித்தது. படகு சாய்ந்தது. கொடுவா நழுவித் தண்ணீரில் விழுந்தது. நரியார் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். துடுப்பும் போயிற்று.

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. முழுசாகத் திறந்தது.

"இழுக்குது! அஞ்சலை! இழுக்குது! என்னை இழுக்குது! கயிற்றைப் போடு! செண்பகம்! இழுக்குதுடி!"

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! ஒரு ஒளிவு மறைவு இல்லை, ஒரு சாக்கு இல்லை. ஆனால் அலை இரைச்சலில் அது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. மணல்திட்டு எங்கேயோ பின்னால், ஒரு கோடாகத் தெரிந்தது. அதன் முனையில் ஒரு சின்னப் புள்ளி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

மாசிலாமணி நரியாரை அதற்குப் பிறகு உப்பாற்றில் யாரும் பார்க்கவில்லை.

நீலமேகம் சொன்னபடியே ஊரில் வந்து சொன்னான். "ஐயா கடலையே ஒரு கை பார்க்கப் போயிட்டாரு! நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. வீரம்னா அது வீரம்!" கொக்குகள் மெய்சிலிர்த்தன. நண்டுகள் கொடுக்கைத் தூக்கி வாழ்த்தின. இன்றைக்கும் அந்தக் காட்டு இளநரிகள் அவர் ஏதோ ஒரு தீவில் ராஜாவாக இருக்கிறார் என்றுதான் பேசிக்கொள்கின்றன.

செண்பகம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஈரக் கயிற்றோடு திரும்பி வந்த அஞ்சலையைத் தனியாக நிறுத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. போனாரா, இழுத்துச்சா?"

"மூணு தடவை கேட்டேன் அண்ணி. மூணு தடவையும் போறேன்னுதான் சொன்னாரு."

"அவரைப் போய்க் கேட்டியே!" என்று செண்பகம் உடைந்து அழுதாள். "அந்த மனுஷன் பசிச்சாலே பசிக்குதுன்னு சொல்ல மாட்டாரே! உனக்குக் கண்ணு இல்லையா? கேட்டுக்கிட்டு நிக்காம கயிற்றை வீசியிருக்கக் கூடாதா?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குப் பிடித்த மீனை முழுசாக, கடிக்காமல் கொண்டுவந்து குட்டிகள் முன்னால் வைத்தாள். குட்டிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. எங்கிருந்து தின்னத் தொடங்குவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து உப்பாற்று நீர்நாய்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. முதலில் கயிற்றைப் போட்டுக் கரைக்கு இழுத்துவிடுகின்றன. அப்புறம்தான் கேட்கின்றன. சிலபேர் "உங்களை யார் கூப்பிட்டது?" என்று திட்டத்தான் செய்கிறார்கள். அஞ்சலை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "திட்டுங்க, திட்டுங்க. திட்டுறதுக்கு உசிரோட இருக்கீங்கல்ல!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

இழுத்துக்கொண்டு போகிற வெள்ளத்தைவிட, 'என்னை எதுவும் இழுக்கவில்லை, நானேதான் போகிறேன்' என்று சொல்ல வைக்கிற வீண் கௌரவமே ஆளைச் சீக்கிரம் மூழ்கடிக்கும்.